ஏரியலில் கட்டிய கொடி

1. வெள்ளைக் குச்சி

மாமல்லபுரம் கடற்கரை மணலில் நின்ற அந்தப் படகில் ஏறக் காலைத் தூக்கினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யக்கா, செருப்ப கீழ வுட்டுட்டு ஏறு."

சொன்னவர் படகோட்டி தேசப்பன். மீன்பிடிப் படகில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. இது மீன்பிடிப் படகு அல்ல. நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் கிருபாகரன், வார இறுதியில் ஆழத்தில் போய்த் தூண்டில் போடுவதற்காக வாங்கிய சின்ன ஸ்போர்ட் போட். அதை ஓட்டத்தான் தேசப்பனை வேலைக்கு வைத்திருந்தார். தேசப்பனுக்கு எந்தப் படகானாலும் படகுதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

செங்கல்பட்டில் எனக்கு ஒரு சிறு பட்டறை இருக்கிறது. படகுகளுக்கு ரேடியோ, ஜி.பி.எஸ்., மீன் காட்டும் கருவி ஆகியவற்றைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தொழில். அன்று வி.எச்.எஃப். ரேடியோவுக்கு ஆன்டனா பொருத்த வந்திருந்தேன். இந்தக் கரையில் அதை ஏரியல் என்றுதான் சொல்கிறார்கள். செல்போன் சிக்னல் கைவிட்ட பிறகு, படகிலிருந்து கரையையோ கப்பலையோ கூப்பிட இந்த ரேடியோதான் உண்டு.

ஆன்டனா என்பது ஆள் உயரத்தைவிடச் சற்று நீளமான வெள்ளை ஃபைபர் குச்சி. செம்பு உள்ளே மறைந்திருக்கும். ஸ்டீரிங்குக்கு மேலே எஃகுக் குழாயில் ஒரு கூரை இருந்தது. அதன் இடது ஓரத்தில், குச்சியைத் தாங்கும் மடக்கு மவுண்டை முடுக்கினேன். ஜி.பி.எஸ். தலை வலது ஓரத்தில் இருந்ததால் இரண்டும் ஒன்றோடொன்று உரச வழியில்லை. கேபிளை எங்கும் ஒடித்து வளைக்கவில்லை. அது கன்சோலுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால், கீழே தொங்குகிற மாதிரி ஒரு வளைவு விட்டேன். மழைத் தண்ணீர் கேபிள் வழியே ஓடி வந்தால் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கனெக்டரைச் சால்டர் செய்து, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன்.

தேசப்பன் குச்சியை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"தூண்டிக் கோல் மாரி கீது. இதுல இன்னா மாட்டும்?"

"ஆள் மாட்டும்."

"அப்ப என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத. நான் எங்க கீறேன்னு தெனம் கேட்டுகினு இருப்பா."

கடைசியாக எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைச் செருகினேன். ரேடியோ அனுப்பும் சக்தி ஆன்டனா வழியாக ஒழுங்காக வெளியே போகிறதா, போக முடியாமல் திரும்பி வருகிறதா என்று அது சொல்லும். முள் ஒன்றரைக்குக் கீழேயே நின்றது. நல்ல அளவு. பிறகு, யாருக்காவது கேட்கிறதா என்று ரேடியோ செக் கேட்டேன். ஒரு சரக்குக் கப்பல் தெளிவாகப் பதில் சொன்னது. தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை கப்பல் எதுவும் இல்லை. இத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறேன், வெறும் தண்ணீரிலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்கும்போது இன்றும் என் கை ஒரு கணம் நின்றுவிடும்.

"எவ்ளோ தூரம் பேசும்?" என்று தேசப்பன் கேட்டார்.

வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கடல் தட்டையாகத் தெரிந்தாலும் வளைந்துதான் இருக்கிறது. வளைவுக்குக் கீழே போனவனோடு பேச முடியாது. உயரமாக இருந்தால் இன்னும் தொலைவு எட்டும். இதைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் கரைப் பக்கம், கலங்கரை விளக்கம் நின்ற திசையில் கையை நீட்டினார்.

"அதான் தெரியுமே. போகப் போக மொதல்ல மணல் முங்கும். அப்பால வூடுங்க. அப்பால தென்ன. அப்பறம் பாறை முங்கும். வெளக்கு கடைசி வரைக்கும் நிக்கும். அந்த மாரிதானே?"

அந்த மாதிரியேதான். ரேடியோ அலை கண் பார்வையைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளையும் என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

2. சத்தம் இல்லாத ரேடியோ

புதுப் படகுக்கு வெள்ளிக்கிழமை பூஜை போட்டார்கள். என்னால் போக முடியவில்லை. மறுநாள் சனிக்கிழமை, அதே கரையில் வேறொரு படகில் மீன் காட்டும் கருவியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் தேசப்பனின் மனைவி அஞ்சலை மணலில் ஓடி வந்தாள். பின்னாலேயே அவள் தம்பி ஏழுமலை.

"யக்கா, இன்ஜின் நின்னுபோச்சாம். பெட்ரோல்ல தண்ணி கலந்துகீதாம். போன்ல அத்த மட்டும் சொன்னாரு, கட்டாயிடுச்சி. மறுபடி அடிச்சா போவல."

"எங்கே இருக்காங்களாம்?"

"அத்தச் சொல்றதுக்குள்ளதான் கட்டாயிடுச்சே!"

அன்று காலை முதல் தடவையாகக் கடலுக்குப் போன அந்தப் படகில் இருந்தது இரண்டு பேர், தேசப்பனும் கிருபாகரனும். கிருபாகரனுக்கு நீச்சல் தெரியாது. தென்மேற்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. இன்ஜின் இல்லாத படகை அது வடகிழக்காக, மேலும் ஆழத்துக்குத் தள்ளும். ஏழுமலையின் ஃபைபர் படகு தயாராக நின்றது. எந்தப் பக்கம் போவது என்றுதான் தெரியவில்லை.

கடலோரக் காவல் மீட்பு மையத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நிதானமாகப் பேசினார். அவசரச் சேனலில் எந்த அழைப்பும் அவர்களுக்கு வரவில்லை. "பொசிஷன் கிடைச்சா உடனே சொல்லுங்க. அது இல்லாம தேடினா நேரம் ஆகும்" என்றார். சோதனைக்காக உரிமம் வாங்கிப் பட்டறையில் வைத்திருக்கும், கையில் பிடித்துப் பேசும் சின்ன வி.எச்.எஃப். செட் என் பையில் இருந்தது. அதில் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னேன். சரி, முயன்று பாருங்கள் என்றார்.

மணலில் நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஈர மணல் வரை போய்க் கூப்பிட்டேன். அப்போதும் இல்லை.

இரண்டு நாளைக்கு முன் முள் ஒழுங்காக நின்ற ஆன்டனா அது. ஒரு கப்பலே பதில் சொன்னது. என்ன ஆகியிருக்கும்?

"கெளம்பும்போது எல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி. இங்க பாரு, நாந்தான் எடுத்தேன்" என்று அஞ்சலை போனை நீட்டினாள்.

படத்தில் படகு மாலையும் சந்தனமுமாக இருந்தது. கூரைக்கு மேலே மஞ்சள் கொடி பறந்தது. கங்கையம்மன் கொடி. படத்தைப் பெரிதாக்கினேன். கொடி ஒரு எஃகுக் குழாயில் கட்டியிருந்தது. அந்தக் குழாய் என் வெள்ளைக் குச்சியோடு ஒட்டி நின்றது. அடியிலிருந்து நுனி வரை கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள்.

இந்தக் கரையில் படகின் மிக உயரமான இடம் கொடிக்குத்தான். அந்தப் படகில் மிக உயரமான இடத்தை நான்தான் உண்டாக்கி வைத்திருந்தேன்.

ஆன்டனாவை இரும்பு தழுவிக்கொண்டால் அனுப்புகிற சக்தியில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். அப்படித் திரும்பி வந்தால், தன்னைக் காத்துக்கொள்ள ரேடியோ தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். தேசப்பன் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். யாருக்கும் போய்ச் சேராது. ஆனால் கேட்பது வேறு. காது மந்தமாகியிருக்கும், செவிடாகியிருக்காது. போதுமான உயரத்திலிருந்து பேசினால் அவருக்குக் கேட்கலாம்.

"அஞ்சலை, பாறைக்கு வா."

3. பாறையின் மேல்

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாறை அது. உச்சியில் பழைய கற்கோயில் நிற்கிறது. இப்போதைய விளக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கோயிலின் தலையில்தான் கப்பல்களுக்கு விளக்கு ஏற்றினார்களாம். ஏழுமலையைப் படகில் இருக்கச் சொல்லிவிட்டு, சுற்றுலாக்காரர்களை விலக்கிக்கொண்டு ஏறினோம். கோயில் ஓரமாக நின்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

ஸ்க்வெல்ச் குமிழை முழுக்கத் திறந்துவிட்டேன். சாதாரணமாக ரேடியோ மறைத்து வைக்கும் இரைச்சல் எல்லாம் கொட்டியது. எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி ஓயாத சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஓர் இடத்தில் அந்த இரைச்சல் கொஞ்சம் அமுங்கியது. பிறகு பழையபடி எழுந்தது.

குரல் இல்லை, சொல் இல்லை. ஆனால் எங்கோ ஒரு விரல் பட்டனை அழுத்தி விட்டால்தான் அப்படி அமுங்கும்.

"தேசப்பா, நீ பேசுறது வரல. நான் பேசுறது கேட்டுதுன்னா பட்டனை ரெண்டு தடவை அமுக்கு. பேச வேணாம்."

காத்திருந்தோம். இரைச்சல் அமுங்கி எழுந்தது. மறுபடி அமுங்கி எழுந்தது.

அஞ்சலை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெரிய தண்ணீர்ப் பரப்பில் புள்ளிகூடத் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு மனிதன் ஆமாம் என்கிறான்.

"ஏரியல்ல கட்டின கொடிக் குழாயை அவுத்துடு. கம்பி ஒரு சுத்துகூட இருக்கக் கூடாது. அவுத்ததும் ரெண்டு தடவை அமுக்கு."

வெகு நேரம் காத்திருந்தோம். இரைச்சல் மாறவே இல்லை. திரும்பச் சொன்னேன். அப்போதும் இல்லை.

"கேக்கலையோ?" என்றேன்.

"கேட்டுகினுதான் இருப்பாரு. அவுக்க மாட்டாரு" என்றாள் அஞ்சலை. "பூஜ போட்டு ஏத்தின கொடி யக்கா. மொதோ தபா போயிட்டுக் கரை திரும்புற வரைக்கும் கீழ எறக்கக் கூடாது. எங்க வூட்ல அப்பிடி. இங்க குடு."

செட்டை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். பட்டனை அழுத்த நான் காட்டிக் கொடுத்தேன்.

"யோவ், நாந்தான். இன்னா, புடிவாதம் புடிச்சிகினு நிக்கிறியா? யாரு கொடிய எறக்கச் சொன்னது? ஏரியல்லர்ந்து அவுத்து உன் கையில புடி. ஒசக்கப் புடி. ஆத்தாளுக்குக் குச்சி மேல இன்னா ஆசை? அந்த நாவலூர் சாரு வூட்லயும் சோத்த வெச்சிகினு ஒரு பொம்பள காத்துகினு இருக்கும்ல? அவுத்துடு சீக்கிரம்!"

பட்டனை விட்டாள்.

கம்பி முழுவதும் அவிழும் அளவு நேரம் போன பிறகு, இரைச்சல் சட்டென்று அறுந்தது. பக்கத்தில் நின்று பேசுவது போல் தேசப்பனின் குரல் வந்தது.

"ஏன்டி கத்துற? காதுல வுழுது."

அஞ்சலை செட்டை என்னிடம் நீட்டினாள்.

செட்டை வாங்கினேன். "கரை தெரியுதா? எங்க இருக்கீங்க?"

"மணல் இல்ல, தென்ன இல்ல. பாறை முக்காலும் முங்கிப்போச்சி. மேல கொஞ்சம் கீது. வெளக்கு முழுசா நிக்குது. இரு, சாரு நம்பரு படிக்கிறாரு."

அடுத்து கிருபாகரன் ஜி.பி.எஸ். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு எண்ணையும் விடவில்லை. திருப்பிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டு மீட்பு மையத்துக்கும் ஏழுமலைக்கும் சொன்னேன். போனில் ஏழுமலையின் இன்ஜின் சீறும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் தேசப்பன் சொன்னது எனக்கு முழுமையாக உறைத்தது. மேலே கொஞ்சம் தெரிகிறது என்றாரே, அந்தக் கொஞ்சத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். நான் முதலில் நின்று கூப்பிட்ட மணல் அவருக்கு எப்போதோ கடலுக்குள் போய்விட்டது. பூமியின் வளைவைப் பாடமாகப் படித்திருக்கிறேன், கணக்குப் போட்டிருக்கிறேன், ஆன்டனா உயரம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது என் காலுக்குக் கீழே இருப்பதாக அன்றுதான் உணர்ந்தேன். பின்னால் திரும்பிக் கோயிலைப் பார்த்தேன். இங்கே விளக்கேற்றியவர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும்.

4. இரண்டு கம்பம்

பொழுது சாயும் முன் ஏழுமலை அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். மீட்பு மையத்தின் படகு பாதி வழியில் சேர்ந்துகொண்டு கூடவே வந்தது. தேசப்பன் இறங்கும்போது கையில் கொடிக் குழாய் இருந்தது. மணலில் கால் பட்ட பிறகே அதைக் கீழே சாய்த்தார்.

"அவ்ளோ நேரமும் புடிச்சிகினா இருந்த?" என்று கேட்டேன்.

"பின்ன? தோளு வுட்டுப்போச்சி. சாரு கொஞ்ச நேரம் புடிச்சாரு."

ஏழுமலை கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க குடுத்த நம்பருக்குப் போய்ட்டன் யக்கா. அதுக்குள்ள காத்து தள்ளிகினு போயிடுச்சி. படகும் வெள்ளை, அலையெல்லாம் வெள்ளை நொரை, ஒண்ணும் தெரியல. அப்பதான் மஞ்சளா இன்னாமோ ஆடிச்சி. மச்சான் கொடிய புடிச்சிகினு மொனையில நிக்கிறாரு."

அதைக் கேட்கும்வரை அந்தக் கொடியை ஒரு பழுதாக மட்டுமே நினைத்திருந்தேன். ஆன்டனா குரலை எட்ட வைத்தது. கடைசித் தூரத்தில் கண்ணை எட்ட வைத்தது கொடி. இரண்டுக்கும் உயரம் வேண்டும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

மறுவாரம் போய் மவுண்டைச் சோதித்து, மீட்டர் முள்ளைத் திரும்பப் பார்த்தேன். கூரையின் பின் ஓரத்தில், ஆன்டனாவுக்கு எட்டாத தூரத்தில், கொடிக்குத் தனியாக ஒரு கம்பம் வைத்தேன். பூஜைக் குங்குமத்தை அஞ்சலை அதற்கும் வைத்தாள், பிறகு யோசித்துவிட்டு ஆன்டனாவின் அடியிலும் ஒரு பொட்டு வைத்தாள். குங்குமத்தால் முள் நகரவில்லை.

இப்போது எந்தப் படகில் ஏறினாலும், செருப்பைக் கழற்றியதும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: கொடி எங்கே கட்டுவீர்கள்? அதற்கு இடம் முடிவான பிறகே டிரில்லை எடுப்பேன்.