மடுக்கரையில் அன்று என் முறை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்வைச் சொல்லும்போது, அவருடைய மகளிடம்கூட நான் இதுவரை சொல்லாத ஒன்றையும் எழுதியாக வேண்டும்.

சத்தியமங்கலத்துக்கு அருகே, பவானிக் கரையில் கூலிக் குடும்பமொன்றில் பிறந்தார் அக்கா. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இளம் வயதிலேயே கணவரை இழந்து, களையெடுத்தே மகளை வளர்த்தார். யாரிடமும் கைநீட்டியதில்லை, யாருக்கும் பயந்ததுமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஞாயிறுதோறும் கோவையிலிருந்து வேன்களில் ஆட்கள் ஆற்றுக்கு வந்தார்கள். சோறும் கொண்டாட்டமும் அவர்களுக்கு. உடைந்த பாட்டில் எங்களுக்கு. துணி துவைக்கப் போன அக்காவின் காலில் ஒருநாள் கண்ணாடி ஏறியது. கட்டுப்போட்ட காலோடு அடுத்த ஞாயிறே வேனை மறித்தார்.

"ஏனுங்க, நீங்க வாரது சந்தோசமுங்க. சோறு எங்க ஊட்டுல உண்ணுங்க, பரிசலுக்கு எங்காளுகளக் கூப்புடுங்க. பாட்டில மட்டும் கொண்டாராதீங்க."

சிரித்தார்கள். ஆனால் அக்காவின் கொள்ளு ரசத்தைச் சாப்பிட்டவர்கள் மறுமாதம் சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தார்கள். வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சமைத்தோம். திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தவர்கள் சிலர் ஊர் திரும்பிப் பரிசல் ஓட்டினார்கள். கரையில் காவல் நிற்பதும் முறைவைத்துத்தான்.

போன ஆண்டு ஒரு ஞாயிறு. அன்று காவல் என் முறை. ஆறு குழிந்து கிடக்கும் மடுவை நோக்கி ஓர் இளைஞர் நடந்தார். விருந்தாளியிடம் குரலை உயர்த்தி எங்களுக்குப் பழக்கமில்லை. "அந்தப் பக்கம் கொஞ்சம் ஆழமுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, ஒதுங்கி வழியும் விட்டேன். அவர் தத்தளித்த சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடிவந்த அக்கா குதித்தார். நானும் இறங்கினேன். இளைஞரை என் பக்கம் தள்ளிவிட்டார். அவரைக் கரையேற்றிவிட்டுத் திரும்பினேன். அக்காவைக் காணவில்லை.

இன்றும் தண்ணீர்ச் சத்தத்தில் என் குரல்தான் எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் ஆழமாம்! அங்கே இரண்டு ஆள் ஆழம். சாப்பிட உட்கார்ந்தால் அக்கா நனைந்த சேலையோடு எதிரே நிற்கிறார். திட்டிவிட்டாலாவது தேவலை.

எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்றது ஊர். அக்காவின் மகள்தான் விடவில்லை.

"நிறுத்திப்போட்டா மறுபடியும் பாட்டிலுதான் வருமுங்க மாமா."

இப்போது மடுவுக்குப் போகும் வழியில் நான் குறுக்கே நிற்கிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டு நாள் ஆற்றில் தேடிய பரிசல்காரர்களுக்கும், துக்க வீட்டுக்குச் சோறாக்கிக் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், கோவையிலிருந்து வந்து அழுத விருந்தினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நான் தடுத்தும் அந்த இளைஞர் கேட்கவில்லை என்றுதான் எல்லோரும் நம்புகிறீர்கள். நான் தடுக்கவே இல்லை. அம்மணி, இதைப் படித்த பிறகு நீ என்னை மாமா என்று கூப்பிடாவிட்டாலும் அது நியாயம்தான்.

தம்பி