அவள் வட்டமிட்ட கடற்கரை

யாழ்ப்பாணத்தில் பிறந்தவளிடம் போய் இலங்கையில் எந்தெந்த இடங்கள் பார்க்க நல்லவை என்று கேட்கக் கூடாது. எங்களுக்குத் தெரியாது. நான் சிகிரியாவைப் பார்த்தது டென்மார்க்கில், பல் வைத்தியரின் அறைக்கு வெளியே கிடந்த ஒரு சஞ்சிகையில். கண்டிக்குப் போனதில்லை. யானைக் குட்டிகளுக்குப் போத்தலில் பால் கொடுப்பார்களாமே, அந்த இடம் எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கொழும்பில் இருந்ததெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு லொட்ஜில்தான். யன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நாங்களும் திறக்கவில்லை.

ஆனால் என் பக்கத்து மேசைக்காரி என்னிடம்தான் கேட்டாள். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் பிளாஸ்டிக் குழாய் இணைப்புகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை எங்கள் இருவருக்கும். பல வருடமாக முழங்கை முட்ட நின்று வேலை செய்தவள். நல்ல மனுசி. கொஞ்சம் வாயாடி, என்னைப் போல. புருஷனோடு ஒரு முறை இலங்கைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள். அதற்குள் அவனைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. தனியாகவாவது போவது என்று 2009ஆம் வருடம் முடிவெடுத்துவிட்டாள். மே மாதம் மழை, ஆட்கள் குறைவு, ஆகவே மலிவு என்று பயண முகவர் சொன்னாராம். வடக்கில் ஏதோ பிரச்சினை இருக்கிறது, தெற்கில் ஒன்றுமில்லை என்றும் சொன்னாராம்.

மதிய இடைவேளையில் சுற்றுலாப் புத்தகத்தை என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். எங்கே போகலாம், நீ அந்த நாட்டுக்காரிதானே என்றாள். நான் பாணை வழக்கத்தைவிட நேரமெடுத்து மென்றேன். அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்திருந்த அவளுக்கு என்னைவிட நாடு அதிகம் தெரிந்திருந்தது. தெற்கே காலி நகரில் எந்தத் தெருவில் நல்ல கோப்பி கிடைக்கும் என்று எனக்கே சொன்னாள்.

கடைசியில் கேள்வியை மாற்றினாள். பார்க்கிற இடங்களை விடு, லீவு நாளில் நீ எங்கே போய் இருப்பாய் என்று கேட்டாள். அது எனக்குத் தெரிந்த கேள்வி. பின்னேரத்தில் பண்ணைப் பாலத்தடியில் அடிக்கும் காற்றைச் சொன்னேன். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கூல் பார் இருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள மேசைக்குத்தான் எல்லோருக்கும் அடிபாடு. அதையும் சொன்னேன். பிறகு முள்ளிவாய்க்காலில் இருந்த மாமாவின் வீட்டைச் சொன்னேன்.

அந்தப் பெயர் அப்போது எங்கள் ஆட்களிலேயே பலருக்குத் தெரியாது. ஓகஸ்ட் லீவுக்கு நானும் தம்பியும் போய் நிற்போம். வளவைத் தாண்டினால் கடல். குளிக்கிற கடல் அல்ல அது, ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். கரையில் இருந்து பார்க்கத்தான் சரி. நாங்களும் அப்படியே மணலில் குந்தியிருப்போம். தம்பி வாய் மூடாமல் கதைப்பான். இந்தியாவரைக்கும் ஓடுகிற போட் செய்யப் போவதாகச் சொல்லுவான். இந்தியா அந்தப் பக்கம் இல்லையடா என்றாலும் கேட்க மாட்டான். அவனைத் திட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பிடித்த இடம் எது என்று உண்மையாகக் கேட்டால் அதுதான்.

புத்தகத்திலிருந்த வரைபடத்தில் வடக்குப் பகுதியை வெறுமையாக விட்டிருந்தார்கள். நான் விரலை வைத்த இடத்தில் கரையும் கடலும் மட்டும் இருந்தன. அவள் பென்சிலை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். இங்கே போகலாமா என்றாள். இப்போது முடியாது, யுத்தம் என்றேன். "ஓவ்" என்றாள். பஸ்ஸைத் தவறவிட்டாலும் டெனிஷ்காரர் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவள் முகம் உண்மையாகவே வாடியது. மேலே விளக்கலாம் என்று பார்த்தேன். என்னிடம் இருந்த டெனிஷ் வரி அலுவலகத்துக்கும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும், பெட்டி அடுக்குவதற்கும் போதுமான டெனிஷ். அதை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது?

தம்பி அந்த நேரம் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு மாதக்கணக்காகிவிட்டது. அங்கே தண்ணீர்ப் பம்ப் திருத்தும் கடை வைத்திருந்தான். மனைவி, ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் கடையையும் வீட்டையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டவன், யுத்தம் நெருங்க நெருங்க ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமானை விட்டுவிட்டுக் கிழக்கே போய்க்கொண்டிருந்தான். முதலில் வாரத்துக்கு ஒரு தரம் கதைப்பான். பிறகு அதுவும் இல்லை.

அவனுடைய கடைசி அழைப்பு வந்தபோது நான் வேலையில் நின்றேன். எங்கள் தொலைபேசிகளை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு இறங்க வேண்டும். அவன் வீட்டுக்கு எடுத்திருக்கிறான். பின்னேர வேலைக்குப் போக இருந்த என் கணவர் கதைத்தார். யாருடையதோ சட்டலைட் தொலைபேசி, ஒரு நிமிடம்கூட இல்லை. நான் வீட்டுக்கு வந்ததும், தம்பி சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும் என்பதற்காக அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"அத்தான், அக்காவுக்குச் சொல்லுங்கோ. மாமா வீட்டுக்குப் பின்னாலை, முந்தி நாங்கள் இருந்து கதைக்கிற இடத்தடியிலைதான் பங்கர் வெட்டியிருக்கிறன். அவவுக்கு இடம் தெரியும்."

சேலைகளை வெட்டிப் பை தைத்து, கடற்கரை மண்ணை நிரப்பிக் குழியைச் சுற்றி அடுக்கியிருக்கிறார்களாம். மனைவியின் கூறைச்சேலையும் போய்விட்டதாம். அவ்வளவுதான் கதை.

திருப்பி எடுக்க அது அவனுடைய இலக்கம் அல்ல; எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். கணவர் எங்கள் ஆட்களோடு பஸ் பிடித்துக் கோபன்ஹேகனுக்குப் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தார். நான் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முழங்காலில் நின்றேன். மகள் டெனிஷ் செய்தியில் ஏதாவது வருகிறதா என்று தேடித் தேடி, இல்லை என்று டெனிஷிலேயே சொன்னாள். இன்டர்நெட்டில் அந்தக் கரைக்குப் பக்கத்து ஊரான முல்லைத்தீவின் வானிலையை மட்டும் பார்க்க முடிந்தது. இன்று வெயில், நாளை வெயில் என்று காட்டும். அந்தக் கரையைப் பற்றி என் கைக்குக் கிடைத்த நிச்சயமான செய்தி அது மட்டும்தான். காலையிலும் மாலையிலும் அதைப் பார்த்தேன். மழை பெய்தால் பங்கருக்குள் தண்ணீர் வரும், வெயில் என்றால் குடிக்கத் தண்ணீர் இல்லை. எதை வேண்டுவது என்றுகூடத் தெரியாமல் இருந்தேன்.

பக்கத்து மேசைக்காரி புறப்பட இருந்தாள். அவளைப் போக விடாதே என்பது என் கணவரின் கட்சி. சுற்றுலா போகிறவர்களை மறிக்க வேண்டும் என்று ஊர்வலங்களில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்த காலம்.

"அவவுக்கு எடுத்துச் சொல்லும்," என்றார். "அங்கை போய் ஒரு சதமும் குடுக்க வேண்டாம் எண்டு சொல்லும்."

"நான் சொல்லி அவ நிண்டிட்டால், அவங்கள் குண்டு போடாமல் விட்டிடுவாங்களோ?" என்று கேட்டேன்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் ஆத்திரம். யார் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஒருவர் கையிலும் ஒன்றும் இருக்கவில்லை.

லீவுக்கு முந்தின நாள் அவள் என் தம்பியை விசாரித்தாள். நான் சொன்ன அந்தக் கரையில்தான் இப்போது இருக்கிறான் என்றேன். கடலோரம் என்றால் நல்லது, காற்றாவது இருக்கும் என்றாள். குத்திக்காட்டுகிற ஆள் அல்ல அவள். எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது. எனக்கு அவளைப் பிடித்து உலுப்ப வேண்டும் போலவும் இருந்தது, அவள் தோளில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பெட்டிக்கு டேப் ஒட்டினேன். அவள் போய் இறங்கப் போவதும் அதே தீவுதான். தம்பி இருந்த இடம் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு நாள் தூரம். அந்த நினைப்பு என்னை வேலை செய்ய விடவில்லை.

அவள் அங்கே இருக்கும்போதுதான் யுத்தம் முடிந்தது. முடிந்த விதம் எல்லோருக்கும் தெரியும், நான் எழுதப் போவதில்லை. ஹோர்சன்ஸிலும் பக்கத்து ஊரான வைலேயிலும் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். யாரும் யாருக்கும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த நேரம் பார்த்து அங்கிருந்து வருகிற அழைப்புத் தவறிவிடுமே என்ற பயம்.

எனக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தம்பியின் மனைவி கதைத்தாள். வவுனியாவில் அகதிக் காம்பில் இருக்கிறாள். தொலைபேசி வேறு யாருடையதோ, பின்னால் ஆட்கள் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டிருப்பது கேட்டது.

"மச்சாள், நானும் பிள்ளையும் வந்திட்டம்," என்றாள். "அவரை அங்கையே விட்டிட்டு வந்திட்டம். புதைக்கவும் நேரமில்லை. அந்தப் பங்கரையே மூடிப்போட்டு வந்தனாங்கள்."

அவள் அழவில்லை. அழுதால் அடுத்தவரின் நேரம் போய்விடும் என்று நினைத்தாளோ தெரியாது. நானும் அழவில்லை. பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டேன். ஓம் என்றாள், வைத்துவிட்டாள்.

எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார், சொந்தக்காரர் சமைத்துக் கொண்டுவருவார்கள். அந்த வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, பக்கத்தில் இருந்து வற்புறுத்திச் சாப்பிட வைப்பார்கள். ஹோர்சன்ஸிலும் அப்படித்தான் செய்துவந்தோம். ஊரில் யாரோ ஒருவரின் தாய் தவறினால்கூட இங்கே அவர்கள் வீட்டு வாசலில் சோற்றுச் சட்டியோடு போய் நிற்போம். இந்த முறை யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? யாருக்கு என்ன நடந்தாலும் முதல் ஆளாகச் சமைத்துக்கொண்டு ஓடிவரும் பெண் ஒருத்தி இருக்கிறாள்; அவளுக்கு இரண்டு சகோதரர்கள் போய்விட்டார்கள். நானும் அவள் வீட்டுக்கு ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து முடிக்கவே வெகுநேரம் எடுத்தது. பூசை முடிந்து எல்லோரும் அவரவர் அடுப்பு எரியாத வீட்டுக்குத் திரும்பிப்போனோம். எங்கள் வீட்டில் கறுப்புப் பாணும் சீஸும் சாப்பிட்டோம், அல்லது சாப்பிடாமல் விட்டோம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து எதைப் பார்த்துக்கொண்டிருப்பது? பக்கத்து மேசைக்காரி வந்திருந்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தாள். மதியம் கன்டீனில் சொல்லத் தொடங்கினாள். கடல் ஒரே கொந்தளிப்பு, கால் நனைக்கவும் விடவில்லையாம். விடுதி விறாந்தையில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்ததுதான் அவளுக்குப் பிடித்துப்போனதாம். பிறகு ஒரு நாள் வெடி கொளுத்தினார்களாம். ஓட்டோக்களில் கொடி. தெருவில் மேசை போட்டுப் பெரிய தட்டுகளில், சிங்களவர் நல்ல நாளுக்குச் செய்யும் பாற்சோறு வைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தார்களாம். ஒரு பெண் இவள் கையிலும் ஒரு துண்டை வைத்து, யுத்தம் முடிந்துவிட்டது என்று சொன்னாளாம்.

"நான் உன்னைத்தான் நினைத்தேன்," என்றாள். "என்னோடு வேலை செய்கிறவள் இந்த நாட்டுக்காரி என்று எல்லோருக்கும் சொன்னேன். இனி உன் தம்பி தன் வீட்டுக்குத் திரும்பலாம் என்று நினைத்து அழுதேன்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துத் திறந்தாள். முதல் நாள் தானே செய்தாளாம். டெனிஷ்காரர் பாலில் கஞ்சி வைக்கிற குண்டு அரிசியும், தகரத்தில் வருகிற தேங்காய்ப்பாலும். அங்கே பார்த்தது போலச் சாய்சதுரமாக வெட்டியிருந்தாள். மேலே என்ன போடுவது என்று நினைவில்லாமல், தங்கள் பால்கஞ்சிக்குத் தூவுவது போலக் கறுவாப்பட்டைத் தூளும் சீனியும் தூவியிருந்தாள். உன்னோடு சேர்ந்து கொண்டாடத்தான் என்றாள். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

தம்பி இறந்துவிட்டான் என்பதைச் சொல்ல என்னிடம் டெனிஷ் இருந்தது. அது இலகுவான வசனம். சொல்லியிருந்தால் அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்திருப்பாள்? நான் எங்கே வைத்திருப்பேன்? அவள் மேல், அந்தத் தெருவில் நின்றவர்கள் மேல், தட்டை ஏந்தியவர்கள் மேல், யார் மேல் என்று இல்லாமல் ஆத்திரம் வந்தது. அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குப் பசித்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சோறு என்று ஒன்றை நான் கண்ணால் காணவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோ என்று மூடித் தந்தாள்.

வீட்டில் அதை மேசையில் வைத்து, என்ன இது, யார் தந்தது, எதற்காகத் தந்தாள் என்று கணவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். குப்பைக்குள் எறியப் போகிறார் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

"பிள்ளையையும் கூப்பிடும்," என்றார்.

மூன்று பேருமாக இருந்து அதைச் சாப்பிட்டோம். எந்தச் சந்தோஷத்துக்குப் பொங்கின சோறு அது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எங்கள் செத்தவீட்டுக்கு வெளியிலிருந்து வந்த சோறு அது ஒன்றுதான்.