முன்கூட்டியே சொன்ன நன்றி

பெருங்களத்தூர் எப்சிக்கு என்ன வேலை என்று அவள் அம்மாவுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரியில் வேலை, ஆனால் நர்ஸ் இல்லை என்று சர்ச்சில் கேட்பவர்களிடம் சமாளிப்பார். சர்ஜன் அனந்தகிருஷ்ணனின் இன்ஸ்டாகிராமையும் யூடியூபையும் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. அவர் கத்தியைப் பிடித்தால் இவள் போனைப் பிடிப்பாள். நோயாளியிடம் கையெழுத்து வாங்காமல் ஒரு படம்கூடப் போடமாட்டாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கள்ளத்தனம். நன்றி வீடியோவை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்துவிடுவாள். வீங்கிய முகத்தையும் மூக்குக் குழாயையும் யார் பார்ப்பார்கள்? காலையில் தலைவாரிப் பளிச்சென்று இருக்கும்போதே "இப்போ வலியே இல்லை" என்று சொல்ல வைத்துவிடுவாள். டாக்டருக்கும் தெரியும். எப்படியும் சொல்லப்போவதுதானே என்பார்.

தபீதாள் டீச்சருக்குப் பித்தப்பையில் கல். முப்பது வருடம் பாடம் நடத்தியவர், வியாழக்கிழமை காலை ஒரே தடவையில் சொல்லி முடித்தார். ஞாயிறு பத்து மணிக்கு இன்ஸ்டாகிராமில் தானாக ஏறும்படி எப்சி அதை வைத்துவிட்டாள். அன்று நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சருக்கு மயக்கம் தெளியவே இல்லை. சனிக்கிழமை மதியம் ஐசியுவில் இறந்துபோனார். அன்று லீவில் இருந்த எப்சிக்கு யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் போனைத் திறந்தாள். நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். எத்தனை நாள் ரெஸ்ட் எடுத்தீங்க அக்கா என்று பள்ளிக்கரணைக்காரி ஒருத்தி டீச்சரைக் கேட்டிருந்தாள். அதற்குக் கீழே, டீச்சர் நேற்றே போய்விட்டாரே என்று பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். எப்சி உடனே வீடியோவை அழித்தாள்.

அழித்த மறுநிமிஷம் ஒரு மெசேஜ் வந்தது. அனுப்பியவர் பெயர் தபீதாள். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் எடுத்துட்டீங்க?"

உச்சி வெயிலில் எப்சிக்கு உடம்பு சில்லிட்டது. அடுத்து அழைப்பே வந்துவிட்டது. டீச்சரின் முகம் திரையில் சிரித்தது. எடுத்தாள்.

பேசியது மகள் ஜெரூஷா, அம்மாவின் போனிலிருந்து. மூன்று மணிக்கு அடக்கம் என்றாள். ஐசியுவுக்குள் தன்னை விடவே இல்லை என்றாள். சண்டை போடவில்லை, அதுதான் எப்சிக்கு இன்னும் பயமாக இருந்தது. யாரோ வீடியோவைத் தங்கள் போனில் எடுத்து வைத்திருக்க வேண்டும். ஜெரூஷாவுக்குப் பின்னால், பெட்டி வைத்திருந்த அந்த வீட்டில், டீச்சரின் குரல் திரும்பத் திரும்ப வலியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சு அம்மா முழிச்சிருக்காங்க, வலி இல்லன்னு சொல்லியிருக்காங்க. அது போதும் மேடம். என்னைக் கேட்டாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எப்சியின் வேலை போகாது, அந்தப் பெண்ணும் கொஞ்சம் ஆறுவாள். நாக்கு நுனிவரை வந்தது. டீச்சரைப் பொய் சொல்ல வைத்தது போதும் என்று தோன்றியது.

"அது ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது ஜெரூஷா. எல்லார்கிட்டயும் அப்படித்தான் எடுப்பேன்."

ஜெரூஷாவுக்குப் பின்னால் வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடியது.

"அப்போ அம்மா முழிக்கவே இல்லையா?"

"இல்ல."

ஜெரூஷா போனை வைக்கவில்லை. அங்கே இருந்த யாரிடமோ திரும்பி, அதை நிறுத்துங்க என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.