தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

இப்போது கோழிக் கொட்டகைக்குக் கம்பெனித் தீவனம் வருகிறது. ஒரே அச்சில் வார்த்த சின்னச் சின்ன உருளைகள். கையை விட்டு அளைந்தாலும் விரலில் மாவு ஒட்டாது. பண்ணைக்காரருக்கு அந்தச் சுத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் பழைய தூசிதான் நினைவுக்கு வரும்.

அந்த நாளில் அவரே தீவனம் கலப்பார். மக்காச்சோளத்தை மட்டும் நம்பாமல், அரிசி ஆலையில் மிஞ்சும் தவிட்டையும் குருணையையும் சேர்ப்பார். தவிடு கூடிப்போனால் பிராய்லர் கோழிக்கு வயிறுதான் நிரம்பும், சதை பிடிக்காது. நாள்பட்டதென்றால் அதிலுள்ள எண்ணெய் காறி, கோழி அலகைத் திருப்பிக்கொள்ளும். லாரி வந்ததும் ஒரு பிடி அள்ளி முகர்வது மகளின் வேலை. "காறல்" என்று அவள் சொல்லிவிட்டால் மூட்டை இறங்காது.

அந்த வீட்டில் ஒரு பேச்சு மட்டும் கிடையாது. மற்ற வீடுகளில் பிள்ளையைச் சீண்ட, "உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்பார்கள். பிள்ளை சிணுங்கும், எல்லாரும் சிரிப்பார்கள். இங்கேயோ திரும்பின பக்கமெல்லாம் தவிடு. மகளோ உண்மையிலேயே தத்து வந்தவள். வளரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். வேறு யார் வாயிலிருந்தாவது அது முந்திக்கொண்டு விழுந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

லாரி டிரைவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒருநாள் மூட்டையை இறக்கிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"என்ன பாப்பா, அப்பா உன்ன எத்தன மூட்ட தவிட்டுக்கு வாங்கினாரு?"

சாக்கு தைத்துக்கொண்டிருந்த மனைவியின் கோணி ஊசி பாதியில் நின்றது.

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, புதுத் தவிடா, காறினதா?"

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவரும் சிரித்துவைத்தார்.

லாரி போனதும் மனைவி சொன்னாள்: "இன்னைக்கே சொல்லிடுங்க. நாளைக்கு இன்னொருத்தர் வருவாரு."

"நீயே சொல்லேன்."

"கோழிக்கு ஊசி போடச் சொன்னாலும் இதே பேச்சுதான் உங்களுக்கு."

மகளை மூட்டைமேல் உட்காரவைத்தார். "அந்த மாமா சும்மா வெளையாட்டுக்குச் சொன்னாரு. ஆனா உன்னப் பெத்தவங்க வேறம்மா. அவங்களால வளக்க முடியல. நாங்க ஆசப்பட்டுக் கேட்டு வாங்கிட்டு வந்தோம்."

அவள் கால் ஆட்டுவதை நிறுத்தினாள். இதோ எழுந்து ஓடப்போகிறாள் என்று அவர் கை தானாக நீண்டது.

"அப்ப, தவிடு குடுக்கலையா?"

"இல்லம்மா."

"வேற எதுவும்?"

"ஒண்ணுமே குடுக்கல."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சும்மாவே குடுத்துட்டாங்களா? நல்லா ஏமாந்துட்டாங்க."

அவள் அம்மா புறங்கையால் கண்ணைத் துடைக்கப்போய் முகமெல்லாம் தவிடாக்கிக்கொண்டாள். அதைத் தட்டிவிட மகள் மூட்டையிலிருந்து குதித்தாள்.