ஒச்சப்பண்ணன் ஷெட்டில் நின்ற படகு

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைக்குள் இறங்கும் சிமெண்டுப் பாதையில் கால் மணி நேரம் நடந்தால் எங்கள் காலனி வரும். நாற்பத்திரண்டு வீடுகள். அதில் படகு வைத்திருக்கும் வீடு ஒன்றே ஒன்றுதான். ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு மனிதருக்குப் படகு எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நாங்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம்.

படகுக்காரர் ஒச்சப்பண்ணன். வயது அறுபத்தொன்று. டீ ஃபாக்டரியில் டிரையர் ஆபரேட்டராக முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மாரியாயி அக்கா பக்கத்து எஸ்டேட்டில் இன்னமும் கொழுந்து எடுக்கப் போகிறார். ஒரே மகள் தேவியைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

படகை அண்ணன் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட் கைமாறியபோது பழைய பங்களாவிலிருந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். அக்காவுக்கு அங்கிருந்த தேக்கு அலமாரி மேல் ஒரு கண். அண்ணன் போய் ஒன்பதாம் நம்பர் லாட்டை ஏலத்தில் எடுத்தார். சீட்டில் ‘அலமாரி ஒன்று, இதர மரச்சாமான்’ என்று போட்டிருந்தது. இதர மரச்சாமான் என்றால் நாலு நாற்காலியாவது இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தார். பிக்கப் வண்டியில் அலமாரியோடு பதினான்கு அடி நீளத்தில் ஒரு துடுப்புப் படகும் வந்து இறங்கியது. அலமாரியில் கரையான் இருந்தது. இரண்டாம் வருஷமே அது உட்கார்ந்துவிட்டது. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எந்தக் காலத்திலோ ஒரு துரை தன் மனைவிக்காகச் செய்ததாம். பலகை மேல் பலகை ஏறி, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். பின்பக்கம் ஒரு பித்தளைத் தகடு. அதில் ‘எலினோர்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரை அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. ‘அந்த வெள்ளைக்காரி’ என்றுதான் சொல்வார்.

“வெள்ளைக்காரிக்கு எண்ண தேச்சாச்சா? அப்படியே எனக்கும் கொஞ்சம் முதுகு தேச்சு விடுறது.”

அண்ணன் துணியை நனைத்துப் பித்தளையைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

படகைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். “தண்ணியப் பத்தி என்கிட்ட கதைக்காதே. கப்பல்ல வந்தவன் நான்” என்பார். வந்ததென்னவோ உண்மை. எட்டு வயதில், இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களோடு, தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு. அந்த மூன்று மணி நேரமும் அவர் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார் என்பதைக் கூடவே வந்த எங்கள் அப்பா சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரென்றால் பயம். ஆழமான வாளியைக்கூட அவர் எட்டிப் பார்க்க மாட்டார் என்று அக்கா சொல்வது கொஞ்சம் அதிகம்.

அதனால் பன்னிரண்டு வருஷத்தில் படகு தண்ணீரைப் பார்த்தது மூன்றே தடவை. மூன்று தடவையும் எஸ்டேட் குளத்தில்தான். கரையிலிருக்கும் சில்வர் ஓக் மரத்தில் கயிற்றின் ஒரு முனையையும் படகில் மறு முனையையும் கட்டிவிட்டு, முப்பதடி தூரம் போவார். கயிறு விறைத்ததும் திரும்பி வந்துவிடுவார். அன்றைக்கெல்லாம் அவர் முகத்தில் அப்படி ஒரு களை இருக்கும்.

சண்டை வந்தது குடிதண்ணீரால். மரப்படகு காய்ந்தால் பலகைகளுக்கு நடுவே விரிசல் விடும், நனைந்தால் ஊதி அடைத்துக்கொள்ளும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை ஷெட்டுக்குள் படகை வைத்தபடியே அதற்குள் நாற்பது குடம் தண்ணீர் ஊற்றி நிரப்புவார். மாசி, பங்குனியில் எங்கள் காலனிக் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும்.

“ஊர்ல எல்லாம் தண்ணிக்குள்ள படகு விடுவாங்க. என் வீட்டுக்காரரு படகுக்குள்ள தண்ணி விடுறாரு” என்று அக்கா குழாயடியில் சொன்னதைக் காலனியே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது.

இந்த வருஷம் பங்குனியில் விஷயம் முற்றியது. அக்காவின் மகளிர் குழுவுக்குக் காளான் வளர்க்கப் பயிற்சி கொடுத்து, வித்தும் கொடுக்கிறோம் என்று தோட்டக்கலைத் துறையினர் சொன்னார்கள். இருட்டாக, ஈரமாக, காற்றோட்டமுள்ள ஓர் இடம் மட்டும் குழுவே காட்ட வேண்டும். குழுவின் பத்துப் பெண்களும் யோசித்துவிட்டு ஒரே நேரத்தில் அண்ணனுடைய ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி, அதைவிட ஈரமான இடம் இந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

“சித்திரை பொறக்கறதுக்குள்ள ஷெட்டு காலியாகணும்” என்றார் அக்கா. “அவளா நானான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீங்க யோசிப்பீங்க.”

அண்ணன் மூன்று நாள் யோசித்துவிட்டு, “சரி, வித்துடலாம்” என்றார். தேவி திருப்பூரிலிருந்தபடியே படத்தை வாங்கி ஆன்லைனில் போட்டுவிட்டாள்.

முதலில் வந்தவர் கோயம்புத்தூர் மனோகரன். குன்னூர் பக்கம் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார். படகை ஒரு சுற்று சுற்றி வந்தார். பலகையைத் தட்டினார்.

“அருமையான பீஸுங்ணா. எங்க ரிசப்ஷனுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுங்க.”

“ரிசப்ஷன்ல குளம் இருக்குங்களா?” என்றார் அண்ணன்.

“குளம் எதுக்குங்க? நடுவால அறுத்து ரெண்டாக்கிப்போட்டு, நட்டமா நிறுத்தி வெச்சா ரெண்டு ஷெல்ஃபு ஆயிருமுங்க. ஒண்ணுல டீத்தூள் பாக்கெட்டு, ஒண்ணுல யூகலிப்டஸ் தைலம்.”

அண்ணன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் அவரையே நடுவால் அறுக்கப்போகிறார்கள் என்று தோன்றும்.

அக்கா உள்ளேயிருந்து டீயோடு வந்தார். “ஷெல்ஃபா?” என்றார். டம்ளரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, “ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றோம்ங்க” என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.

“நீதானே விக்கச் சொன்ன?” என்றார் அண்ணன்.

“விக்கத்தான் சொன்னேன். வெட்டச் சொன்னேனா?”

அடுத்த நாள் லவ்டேலிலிருந்து இரண்டு பஸ் மாறி ஹெர்பர்ட் சார் வந்தார். எழுபத்தாறு வயது. கொச்சியில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தரையில் மல்லாந்து படுத்துப் படகுக்கு அடியில் போய்விட்டார். அரை மணி நேரம் அவருடைய ஷூ மட்டும்தான் வெளியே தெரிந்தது.

“எப்படிப் பராமரிக்கிறீங்க?” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

அண்ணன் பெருமையாகச் சொன்னார். “மாசம் ஒரு வாட்டி உள்ள தண்ணி ரொப்பிருவேன் சார். நாப்பது குடம்.”

ஷூ அசையாமல் நின்றது. “நாப்பது குடமா? அவ்வளவு கனம் உள்ளேருந்து அழுத்தினா பலகை விட்டுப்போயிடுமே! நல்ல வேளை, தாங்கியிருக்கு. நாலு சாக்கை நனைச்சு உள்ளே போட்டாலே போதும்.”

அக்கா அண்ணனைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம், மாதம் நாற்பது குடம் என்று மனதுக்குள் பெருக்குகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாருக்குப் படகு பிடித்துப்போயிற்று. அறுக்க மாட்டேன், என் தோட்டத்தில் கூரை போட்டு வைத்துக்கொள்வேன் என்றார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். “தண்ணில மிதக்குறதைப் பாக்காம நான் படகு வாங்குறதில்ல. ஞாயித்துக்கிழமை இறக்கலாம்.”

ஞாயிறு காலை பத்துப் பேர் சேர்ந்து படகைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனோம். அந்தப் பத்தில் நானும் ஒருவன். தேயிலைக்கு நடுவே பதினான்கு அடிப் படகை வளைவு வளைவாகக் கொண்டுபோவது எப்படி என்று என் தோள்பட்டையைக் கேட்டால் சொல்லும். எஸ்டேட் மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். அவரும் குடையோடு வந்து நின்றார்.

சாருக்குத் தோளில் ஆபரேஷன் ஆனதால் துடுப்புப் போட முடியாது. அண்ணன்தான் போட வேண்டும். பலகை முழுக்க ஊதி அடையும்வரை கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும், அதை இறைக்க மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும் என்றார் சார். நாங்கள் பத்துப் பேரும் திடீரென்று தேயிலைச் செடிகளை ஆராய ஆரம்பித்தோம்.

“நானே வர்றேன்” என்று அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் மக்கோடு ஏறி உட்கார்ந்தார். “விக்கிறதுக்கு முன்னாடி அதுல என்னதான் இருக்குன்னு பாத்துடறேன்.”

சார் இரண்டு மிதவைச் சட்டைகள் கொண்டுவந்திருந்தார். ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார். இன்னொன்றை அவர் நீட்டுவதற்குள்ளேயே அண்ணன் போட்டு முடித்திருந்தார்.

அதன்பிறகு படகுக்குள் நடந்ததை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். எனக்கு ஹெர்பர்ட் சார் சொன்னதில்தான் நம்பிக்கை.

முப்பதடி போனதும் கயிறு விறைத்தது. சார் திரும்பிப் பார்த்தார். “மரத்தோட ஏன் கட்டியிருக்கு?”

“ஒரு பாதுகாப்புக்கு சார்.”

“கட்டிப்போட்டு ஓட்டிப் பாத்தா எனக்கு என்ன தெரியும்?” சார் முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டார்.

அண்ணன் அந்தக் கயிறு தண்ணீரில் நெளிந்து தூரப் போவதைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பலகையிலிருந்து சரிந்து படகின் தரையில், தேங்கியிருந்த தண்ணீரிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. காற்று படகை நடுக்குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று.

அக்கா மக்கைக் கீழே வைத்தார். அண்ணனைத் தாண்டிப் போய்ப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு துடுப்பையும் கையில் எடுத்தார். படகு இருந்த இடத்திலேயே இரண்டு சுற்று சுற்றியது.

“அம்மா, திரும்பி உக்காருங்க. போற பக்கம் முதுகு இருக்கணும்” என்றார் சார்.

“போற பக்கம் பாக்காம எப்படி சார் போறது?”

“விட்டுட்டு வந்த கரையில ஒரு மரத்தைப் பாத்து வெச்சுக்கங்க. அது நேரா இருந்தா நீங்களும் நேரா போறீங்க.”

அக்கா சில்வர் ஓக்கைக் குறி வைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளி, முப்பது கிலோ மூட்டையைத் தலைக்குத் தூக்கிய கை அது. நாலாவது இழுப்பிலேயே படகு நேராகிவிட்டது. பத்தாவது இழுப்பில் சார் தன் தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கரையில் நின்ற எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் தலை தெரியவில்லை. அவர் விழுந்துவிட்டார் என்று யாரோ கத்த, நாங்கள் குளத்தைச் சுற்றி ஓடினோம். சுற்றுப்பாதை வளைந்து வளைந்து போகும். இருபத்தைந்து நிமிஷம் மூச்சு வாங்க ஓடி எதிர்க்கரைக்குப் போனால், படகு எப்போதோ வந்து ஒதுங்கியிருந்தது. அக்கா, தான் தினமும் கொழுந்து எடுக்கும் ஏழாம் நம்பர் மலையின் அடியில் இடுப்பில் கைவைத்து நின்று, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை.

“இவ்வளவுதான் தூரமா?” என்றார் எங்களிடம். “நாப்பது வருஷமா ஏழாம் நம்பருக்குச் சுத்திச் சுத்தி நடந்தேனே! நேரா வந்தா அஞ்சு நிமிசம். ஷெட்டுக்குள்ள படகை வெச்சுக்கிட்டு, காலை ஒடிச்சுக்கிட்டு நடந்தேனே!”

பிறகு ஹெர்பர்ட் சாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “தப்பா நெனைக்காதீங்க சார். இத விக்கலை.”

சார் கொஞ்ச நேரம் படகின் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார். ஏமாற்றம்தான். ஆனாலும், “நானா இருந்தாலும் விக்க மாட்டேன்மா” என்றார்.

அப்போதுதான் அண்ணன் கண்ணைத் திறந்தார். “விக்க வேணாம்ங்கிறியா? நெசமாவா?”

“மொதல்ல எந்திரிச்சு எறங்குங்க. வேட்டி பூரா நனைஞ்சிருக்கு.”

மேனேஜருக்குக் குளத்தில் ஒரு தலைவலி இருந்தது. ஆகாயத்தாமரை படர்ந்து மோட்டார் குழாயை அடிக்கடி அடைத்துவிடும். அதை அள்ள ஆள் கிடைக்கவில்லை. அவர் அங்கேயே பேசி முடித்தார். மோட்டார் ரூம் பக்கத்துத் தகரக் கொட்டகையில் படகை நிறுத்திக்கொள்ளலாம். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வாரம் ஒரு தடவை ஆகாயத்தாமரையை அள்ளிக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் படகில் வரலாமா என்று அக்கா கேட்டதற்கு மட்டும் அவர், “மேலிடத்துல கேட்டுச் சொல்றேன்” என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சித்திரை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பே ஷெட் காலியானது. இப்போது கூரையிலிருந்து காளான் பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. முதல் அறுவடையில் எங்கள் வீட்டுக்குக் கால் கிலோ வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா துடுப்புப் போட, குழுப் பெண் ஒருத்தி முன்னால் உட்கார்ந்து ஆகாயத்தாமரையை வாரி உள்ளே போடுவாள். மாதம் ஒரு தடவை ஹெர்பர்ட் சார் வார்னிஷ் டப்பாவோடு வந்து, பிரஷ் பிடிக்கிற விதம் சரியில்லை என்று அண்ணனைத் திட்டிவிட்டுப் போவார். அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. அவர் வேலை கரையில். பெண்கள் கொண்டுவந்து ஒதுக்குவதைக் கொக்கிக் கொம்பால் இழுத்துப்போட வேண்டும். அதற்குத் தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும். முதல் மாதம் கணுக்கால் வரை இறங்கினார். இப்போது முழங்கால் வரை வந்திருக்கிறார்.

“இன்னும் ரெண்டடி வாங்க, ஒண்ணும் ஆகாது” என்று அக்கா படகிலிருந்து கூப்பிட்டார் போன வாரம்.

“இங்கருந்தே எட்டுது” என்றார் அண்ணன், எட்டாத கொம்பை நீட்டிக்கொண்டு.