புளியங்கொட்டையும் ரத்த அழுத்தமும்

கண் மருத்துவமனை நடைபாதையில் பன்னிரண்டு நாற்காலிகள். நான் ஏழாவதில் உட்கார்ந்திருந்தேன். பச்சை அங்கி மாட்டி, இடது கண்ணில் நான்கு முறை சொட்டு மருந்து விட்டாயிற்று. கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது) அறுவைக்கு எனக்கு முன்னால் மூன்று பேர்தான். செவிலியர் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். மேல் அளவு (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்) நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"இன்னிக்கு வேணாங்க தாத்தா. பிரஷர் எறங்கட்டும்" என்றார்.

இப்படித் திருப்பி அனுப்புவது இது இரண்டாவது முறை. அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், காரிமங்கலம் பேருந்தின் பெயர்ப்பலகை தெரியவில்லை. என் மனைவி சரோஜாதான் கைபிடித்து ஏற்றினாள். வலது கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. இப்படியே திருப்பி அனுப்பினால் மிச்ச நாள் இருட்டில்தானா என்ற பயம் பிடித்துக்கொண்டது.

முப்பத்து நான்கு ஆண்டு நிலம் அளக்கும் வேலை பார்த்தவன் நான். அளந்தால்தான் எனக்கு நிம்மதி. அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். பல் துலக்கியதும், மாத்திரைக்கு முன்னும் பின்னும், சாப்பிட்டதும் என்று நாளுக்குப் பதினொரு முறை. எண் சரியாகத் தெரியாததால் ஒவ்வொரு முறையும் சரோஜா வந்து படித்து, நோட்டில் எழுத வேண்டும். அடுப்பில் களிக்கு மாவு கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கும்போதும் கூப்பிட்டேன்.

நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அந்த நோட்டை ஆறு பக்கம் புரட்டினார்.

"ஐயா, காலையில ஆறு மணிக்கு நூத்தி நாப்பத்தஞ்சு. அரை மணி கழிச்சு நூத்தி அறுவது. அப்பறம் நூத்தி எழுவத்திரெண்டு. நடுவுல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. அளந்துட்டு இருந்தேன்."

"அதாங்க ஏத்துது."

மாத்திரையை விடாமல் தொடரச் சொன்னார். அளப்பது வாரம் இரண்டே முறை, கருவி மனைவியிடம். தினம் அரை மணி நடை. பதற்றம் வந்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். எண்ணுவதற்கு இதாவது மிஞ்சியதே என்று ஆறுதலாக இருந்தது. கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றும் சொன்னார்.

வேலையைச் சரோஜா கொடுத்தாள். அது பங்குனி மாதம். எங்கள் மரத்துப் புளி வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு வேண்டியதை வீட்டிலேயே ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துப் பானையில் அடைப்போம். அந்த வேலைக்கு நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

"எண்ணியே ஆகணும்னா கொட்டைய எண்ணுங்க. அடுப்ப வுட்டுட்டு நம்பர் படிக்க இனி நான் வரமாட்டேன்."

எண்ணினேன். முதல் நாள் அறுநூற்றுப் பதினான்கு. கருவி எங்கே என்று ஒன்பது முறை கேட்டேன். மறுநாள் ஏழு முறை. அவள் இன்னொரு முறம் புளியைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நார் எங்கே முடிகிறது, கொட்டை எங்கே வழுக்குகிறது என்று விரல்கள் மெல்லக் கற்றுக்கொண்டன.

எட்டாம் நாள், இருநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. திரும்ப ஆரம்பிக்கத் தோன்றவில்லை. தலை நிமிர்ந்தபோது வெயில் சுவரிலிருந்து இறங்கி என் காலருகே வந்திருந்தது.

"எத்தன ஆச்சுங்க?" என்றாள் சரோஜா.

"தெரியல."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒடம்பு நல்லாத்தான இருக்குது?"

மூன்றாம் முறை அதே நடைபாதை. நாற்காலிகளை எண்ணத்தான் செய்தேன். பழக்கம் முழுதாகப் போய்விடாது. பட்டையைச் சுற்றியபோது நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டேன்.

"நம்பர் சொல்லட்டுங்களா தாத்தா?"

"வேணாம்மா. போதுமான்னு மட்டும் சொல்லு."

"போதுங்க. உள்ள வாங்க."

கட்டுப் பிரித்த மறுநாள், பேருந்தின் பெயர்ப்பலகையைச் சரோஜாவுக்கு நான் படித்துச் சொன்னேன்.

அந்த நடைபாதையிலிருந்து அறுவை நடக்காமல் திரும்பி வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். கருவியை மட்டும், நீங்கள் கேட்டாலும் தராத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

புளி முடிந்து இப்போது மொச்சை உரிக்கிறேன். மார்புக்குள் இதயம் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. நான் மேற்பார்வை பார்ப்பதில்லை. காலை எப்போது போனது என்று சில நாள் தெரிவதில்லை. கூடையில் கைவிட்டால் அடி தட்டுகிறது. சரி, மதியம் ஆகிவிட்டது என்று எழுந்துகொள்கிறேன்.