சுவரோரம் நின்று வாக்கெண்ணிக்கை பார்த்தவர்

ஜெர்மனியின் கொலோன் நகரில் நான் வாக்களிக்கும் பள்ளிக்கூடத்தின் துப்புரவுப் பணியாளர் அவர்; என்னைப் போல ஈழத்தவர். நரைத்த மீசை. தேர்தல் நாளில் மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வாக்குச்சாவடிக்கு மேசைகளை இழுத்துப் போடுபவரும் அவரே. வாக்கெண்ணுவதை இங்கே யாரும் பார்க்கலாம். வாக்குரிமை இல்லாத அவர் சுவரோரம் நின்று கடைசிச் சீட்டு வரை பார்ப்பார்.

எங்கள் தொகுதியின் சனத்தொகை, வாக்கு விவரங்களைத் தேர்தல்தோறும் நோட்டில் எழுதிவைப்பவன் நான். 2025 பெப்ரவரி 23 அன்று அதை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்தச் சனத்தொகையில நானும் இருக்கிறனோ?"

"இல்லை அண்ணை. தொகுதி பிரிக்கேக்க குடியுரிமை உள்ள ஆக்களை மட்டும்தான் எண்ணுவினம்."

"வோட்டுத்தான் இல்லையெண்டு நினைச்சன். தலையும் இல்லையோ?" அவர் குரல் உயர்ந்தது. "பிறப்புச் சான்றிதழ் ஊரில வீட்டோட எரிஞ்சு போச்சுதெண்டு எத்தினை தரம் சொல்லிட்டன். குடியுரிமைக்குக் குடுத்த அன்ராக் விண்ணப்பம் இன்னும் ஒபிஸ்காரரின்ர அலுமாரிக்குள்ள கிடக்குது. வரி எடுக்கேக்க மட்டும் என்னை எப்பிடிக் கண்டுபிடிக்கினம்?"

எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினார். எண்ணி முடித்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் வகுப்புக்காக மேசைகளை அவர்தான் திரும்ப இழுத்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து, நோட்டில் சனத்தொகை எண்ணுக்கு மேல் 'தொகுதி மக்கள்' என்று இத்தனை ஆண்டுகளாக நான் எழுதிவந்த தலைப்பைப் பேனாவால் அடித்தேன். தாள் கிழிந்தது.